சர்வே எடுக்கிற தம்பி

விண்ணப்பப் படிவத்தில் 'சொந்த மாவட்டம்' என்ற கட்டம் வந்தால் என் பேனா அங்கேயே நின்றுவிடும். மற்றவர்கள் ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாது. தனித்தாள் இணைக்க வேண்டும்.

எங்கள் ஊர் செந்துறைக்குப் பக்கம். 1995இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர், கரூர் என்று இரண்டைத் தனியாக எடுத்தார்கள். மறு வருடம் நான் பிறந்தேன். பிறப்புச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரி 1 அன்று அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். அந்த ஜூனில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளிப் பதிவேட்டில் அரியலூர் மாவட்டம். 2002 மார்ச் கடைசியில் மாவட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். நான் பாஸாகி இரண்டாம் வகுப்புக்குப் போனேன். என் மாவட்டம் ஃபெயிலாகிப் பெரம்பலூருக்கே திரும்பியது. ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, 2007 நவம்பர் 23 அன்று, மறுபடியும் அரியலூர். அண்ணன் 1993இல் பிறந்தவன் என்பதால் அவன் சான்றிதழில் திருச்சி. இத்தனைக்கும் எங்கள் குடும்பம் ஒரே வீட்டில், ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடியேதான் இருந்தது.

சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன ஓர் இடத்தில் அதிகாரி எல்லாத் தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்பாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபரோ?"

"இல்லீங்க சார், விவசாயம்."

"விவசாயத்துல ஏதுப்பா டிரான்ஸ்ஃபர்?"

என் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பு புலம்பெயர்வு. வீட்டு வாசலைத் தாண்டாமலேயே களஅனுபவம் பெற்றவன் என்று அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் சிரிக்கிற ரகமாகத் தெரியவில்லை.

மாவட்டத்தைத் தாண்டினால் அடுத்த சிக்கல் ஊர்ப் பெயர். சென்னையில் "பெரம்பலூர் பக்கம்" என்றால், "பெரம்பூரா? எந்தத் தெரு?" என்பார்கள். பெரம்பூருக்கு மூன்று ரயில் நிலையங்கள்: பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். பெரம்பலூர் மாவட்டத் தலைநகராகி முப்பது வருடம் ஆகிறது, ஒரு நிலையம்கூடக் கிடையாது. மூன்றில் ஒன்றைக் கடனாகக் கொடுத்தால் தேவலை. ரயில் டிக்கெட் இணைத்தால்தான் பயணப்படி என்று கருத்தரங்கக்காரர்கள் சொன்னால், பெரம்பலூர்க்காரர் முதலில் பஸ் பிடித்து அரியலூர் வரவேண்டும். அந்த பஸ் டிக்கெட்டை யாரும் ஏற்பதில்லை.

டெல்லியில் நிலைமை வேறு. அங்கே பெரம்பலூரை யாருக்கும் தெரியாது. ஆனால் வயதான பேராசிரியர்களுக்கு அரியலூரைத் தெரியும். பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்காத குறையாக, "அடடா, சாஸ்திரிஜி!" என்பார்கள். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததும், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும், ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியதும் வடநாட்டுப் பொது அறிவுப் புத்தகங்களில் இன்றும் இருக்கின்றன. அதே நவம்பர் 23ஐத்தான் ஐம்பத்தொரு வருடம் கழித்து மாவட்டத்துக்குப் பிறந்தநாளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பஞ்சாங்கம் பார்த்தவர் அன்று விடுப்பில் இருந்திருக்க வேண்டும்.

படிப்புக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்ததும் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்ஜினியரிங் போனார்கள். மீதிப் பேர் சிங்கப்பூர் போனார்கள். நான் பி.ஏ., பிறகு எம்.ஏ. சமூகவியல். "சோசியலா? பத்தாவதோட அதை முடிச்சிட்டாங்களே?" என்று மாமா கேட்டார். அடுத்து எம்.பில். சேர்ந்தேன். ஒரு வருடம் உழைத்து, தடித்த அட்டை பைண்டிங் போட்டு, பொன்னெழுத்தில் பெயர் அச்சடித்து வாங்கினேன். 2022 நவம்பரில் யு.ஜி.சி. புதிய விதிமுறை வெளியிட்டு எம்.பில். என்ற படிப்பையே நிறுத்திவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் செல்லும் என்று விதியில் இருக்கிறது. மாமாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். "ஐநூறு ரூவா நோட்டைக்கூட மாத்திக்கிறதுக்கு டைம் குடுத்தாங்க" என்று அவர் இன்னும் வருத்தப்படுகிறார்.

பிறகு நெட் தேர்வு, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை. 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 37,000 ரூபாய் என்று உயர்ந்தது. அப்பா நம்பவில்லை.

"படிக்கிறதுக்குச் சம்பளமா?"

"ஆமாப்பா."

"எவ்வளவு நாளைக்கு?"

"அஞ்சு வருசம் வரைக்கும்."

"படிச்சு முடிச்சதும்?"

"நின்னுடும். அப்புறம் வேலை தேடணும்."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, மென்று, துப்பிவிட்டு வந்து சொன்னார்: "அப்ப எதுக்குடா முடிக்கிற?"

ஆறு வருடம் பல்கலைக்கழகத்தில் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் இப்படித் திணறியதில்லை. பொருளாதாரம் படித்தவர்கள் யாராவது பதில் சொன்னால் அப்பாவிடம் சேர்ப்பித்துவிடுகிறேன்.

என்னோடு எம்.பில். படித்த நண்பனின் கதை இன்னும் உருக்கம். 2024 ஜூன் 18 அன்று நெட் எழுதிவிட்டு வந்து, இந்தத் தடவை உறுதி என்று சொல்லி எங்கள் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். மறுநாள் இரவு தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். நாடு முழுக்க ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு. மறுதேர்வுக்கு அவன் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. பிரியாணிக்குத்தான் மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது.

சமூக ஆய்வு என்ற இந்தத் துறைக்கு எங்கள் பக்கம் பெரிய பாரம்பரியம் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களைப் பற்றி எழுதிவரச் சொன்னார். 1918இல் புத்தகமும் வந்தது. அதில் இடம்பெற்ற இருவேல்பட்டு, விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம், நாங்கள் சென்னைக்குப் போகிற நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. அந்த ஊரை 1930களில் மறுபடி ஆராய்ந்தார்கள், 1980களில் ஆராய்ந்தார்கள், இந்த நூற்றாண்டிலும் வந்து ஆராய்ந்தார்கள். தாத்தாவிடம் கேட்ட கேள்வியைப் பேரனிடமும் கேட்டாயிற்று. பஸ் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என்ன கேட்பார்கள், எந்த வரிசையில் கேட்பார்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். எங்கள் பக்கமோ நான் 'வணக்கம்' சொல்வதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சமூகவியல் அறிஞர் எம்.என்.சீனிவாஸ் கதையை எங்கள் நெறியாளர் அடிக்கடி சொல்வார். கர்நாடகக் கிராமம் ஒன்றில் எழுதிச் சேர்த்த அவருடைய குறிப்புகள் 1970இல் அமெரிக்காவில் யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதி 1976இல் புத்தகம் போட்டார், அது உலகப் புகழ் பெற்றது. எனக்குக் குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. புத்தகம்தான் வரக் காணோம். நெறியாளர் என் அலமாரியைப் பார்க்கும் பார்வை சில நாட்களாகச் சரியில்லை.

இனி தொழில் அனுபவம். எம்.பில்.லுக்கும் பிஎச்.டி.க்கும் நடுவே சில திட்டங்களில் கள ஆய்வாளராக இருந்தேன். தொண்டு நிறுவனம் ஒன்று கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, கழிப்பறைப் பயன்பாடு பற்றிக் கேட்டுவரச் சொன்னது. குலுக்கலில் எங்கள் ஊரும் விழுந்துவிட்டது. "உங்கள் வீட்டுக் கழிப்பறையைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்?" என்று சித்தப்பாவிடம் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? பதில் சொல்லாமல் கேட்டை மூடிவிட்டார். டேப்லெட்டில் 'பதிலளிக்க மறுப்பு' என்று தட்டினேன். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் வரவில்லை.

இதற்குப் பிறகு அப்பா என்னை ஊரில் "சர்வே எடுக்கிறான்" என்று அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். வம்பு அங்கேதான் தொடங்கியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் இரண்டு பேர். கையில் மஞ்சப்பை, அதற்குள் பட்டா, சிட்டா, அடங்கல், 1970களில் எழுதிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்.

"தம்பி, கிழக்கால வரப்புல மூணு சென்ட் குறையுது. வந்து சங்கிலியப் பிடிச்சுக் காட்டிட்டீங்கன்னா முடிஞ்சுது."

நான் நிலத்தை அளப்பதில்லை, மனிதர்களின் வாழ்க்கையைத்தான் என்று விளக்கினேன். "வாழ்க்கைல குறையுறதே அந்த மூணு சென்ட்தானே" என்றார் மூத்தவர். போய் நின்றேன். சங்கிலியைப் பிடித்தேன். இரண்டு தரப்பும் அரை மணி நேரம் கத்தியதில், என் ஆய்வின் இரண்டாம் இயலுக்குத் தேவையான அத்தனையும் கிடைத்தன. யார் எந்த வருடம் துபாய் போனார், அந்தப் பணத்தில் எந்த வயல் வாங்கினார், எந்தத் தங்கைக்கு என்ன போட்டார், எல்லாம் பஞ்சாயத்திலேயே வந்து விழுந்தன. கேள்வித்தாளில் இவற்றைக் கேட்டிருந்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பார்கள். நம் பக்கம் தகவல் வேண்டுமென்றால் கேள்வி கேட்கக் கூடாது. வரப்பில் கால் வைக்க வேண்டும். ஆய்வு முறையியல் புத்தகங்களில் இந்த அத்தியாயம் இல்லை.

கேள்வித்தாளின் கதியைச் செட்டிகுளம் பக்கம் பார்த்தேன். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன இடம். ஒரு விவசாயி தன் வெங்காயப் பட்டறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காற்று புக மூங்கில் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்து, உள்ளே தாளோடு வெங்காயத்தைக் கொட்டி வைத்திருந்தார்கள். விலை ஏறும் என்று காத்திருக்கும் வெங்காயம்.

"மாத வருமானம் எவ்வளவுங்க?"

"எந்த மாசம்?"

"சராசரியா..."

"பட்டறையைப் பிரிச்சாத்தான் தம்பி தெரியும். உள்ள இருக்கிறது வெங்காயமா, தண்ணியான்னே தெரியல. போன போகத்துக்குத் திருகல் நோய் வந்து பாதி போச்சு."

படிவத்தைக் காட்டினேன். ஐயாயிரத்துக்குக் கீழே, ஐயாயிரம் முதல் பத்தாயிரம், அதற்கு மேல். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"கழித்தல் குறி போட்ட கட்டம் எங்க?"

இல்லை. டெல்லியிலும் சென்னையிலும் எத்தனையோ அறிஞர்கள் கூடிச் சீர்செய்த வினாநிரல் அது. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு மனிதனுக்கு வருமானம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓரத்தில் கையாலேயே ஒரு கட்டம் வரைந்து டிக் போட்டேன். மென்பொருள் அதை இன்றுவரை ஏற்கவில்லை.

எனக்கு உண்மையான போட்டி புவியியலாளர்கள்தான், நிலத்தடியைத் தோண்டுகிறவர்களைச் சொல்கிறேன். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் 'ஆராய்ச்சி' என்றால் கல். பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்து எழுதினார். அந்தப் பெயர்கள் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. அரியலூரை மாவட்டமா இல்லையா என்று நாம் முடிவெடுக்கத் தடுமாறியதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அவர் தனி அடுக்கு கொடுத்துவிட்டார். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் படுத்திருக்கிறது, 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. அதற்கு வேலி, பூங்கா, அறிவிப்புப் பலகை எல்லாம் உண்டு. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள்.

ஆகவே நான் நோட்டுப் புத்தகத்தோடு போனால் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுருள் சுருளான நத்தைக் கல்லை எடுத்துவருவார்கள். "சார், இது எத்தனை கோடி வருசம்?" 2020இல் குன்னம் பக்கம் ஏரியில் டைனோசர் முட்டை கிடைத்ததாகப் பரபரப்பாகி, கடைசியில் முட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, கடற்படிவக் கல் என்று நிபுணர்கள் சொன்ன பிறகும் இந்த உற்சாகம் குறையவில்லை. புவியியலாளர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் ஆராயும் நத்தை, "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று திருப்பிக் கேட்பதில்லை.

பெரியவர்கள் கல் கொண்டுவருவதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி தம்பி?" சுண்ணாம்புக்கல் இருக்கும் ஊரில் பேண்ட் சட்டை போட்டு, நோட்டோடு, மரியாதையாகப் பேசிக்கொண்டு ஓர் ஆள் வந்தால் அடுத்த வருடம் அங்கே சுரங்கம் வரும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். ஜெயங்கொண்டம் பக்கம் இன்னும் மோசம். 1990களில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கென்று அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்தார்கள். சுரங்கம் வெட்டவில்லை, மின்சாரம் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகள்தான் பல்லாண்டு நடந்தன. கடைசியில் நிலத்தையே உரியவர்களிடம் திருப்பித் தரலாம் என்று அரசு முடிவெடுத்தது.

அப்படி ஓர் ஊருக்கு நான் ஒப்புதல் படிவத்தோடு போனேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் கட்டளை: பேட்டிக்கு முன் கையெழுத்து வாங்க வேண்டும். பங்கேற்பாளரின் பாதுகாப்புக்காகவாம்.

முந்திரித் தோப்பில் ஓர் ஆயா பழத்தைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். இடது கையில் பழம், வலது கையில் ஒரே திருகு, கொட்டை மடியில், பழம் பின்னால் இருந்த ஆட்டுக்கு. கண் என் மேல். கை தன் வேலையில். அருகில் ஆறாவது படிக்கும் பேத்தி. நான் படிவத்தைப் படித்துக் காட்டினேன்: "இந்த ஆய்விலிருந்து தாங்கள் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்."

"நாங்க எங்கய்யா விலகுறது? எங்க தோப்பு இது. நீதானே வந்திருக்க."

அடுத்த வரி: "தங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும்."

"எதுக்கு? நான் என்ன திருடுனனா?"

கையெழுத்துக் கட்டத்தைக் காட்டியதும் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. "எங்க வூட்டு ஆளு போட்ட ஒரு கையெழுத்துக்குக் கோர்ட்டுக்கு நடந்தே செத்தாரு. என்ன வேணா கேளு, சொல்றேன். கையெழுத்து மட்டும் கேக்காத."

பேசினார். இரண்டு மணி நேரம். மூத்த மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, மருமகள் திருப்பூரில் பனியன் கம்பெனி, நிலம் போன வருடம் எந்த மாட்டை விற்றார்கள், வாய்தாவுக்குப் போக பஸ் காசு எவ்வளவு, எல்லாம். முடித்ததும் பேத்தியைக் கூப்பிட்டார். "பாப்பா, உன் நோட்டக் கொண்டா."

என் பக்கம் நீட்டினார். "நீ எங்க கதைய எழுதிக்கிட்டல்ல? இப்ப நீ இதுல கையெழுத்துப் போடு. நாளைக்கு இதை வச்சு எவனாச்சும் வந்தா நான் யாரத் தேடுறது?"

நெறிமுறைக் குழுவில் ஒருவருக்கும் தோன்றாத படிவம் அது. பேத்தி கேட்டாள், நான் சொன்னேன், அவள் எழுதினாள்: பெயர், அப்பா பெயர், ஊர், போன் நம்பர். மாவட்டம் என்றதும் தயங்கினேன். "அரியலூர்தானே போட்டுட்டேன்" என்றாள், இந்தத் தலைமுறைக்கு எதுவும் பிரச்சினை இல்லை. அடுத்து, "என்ன வேலை?"

"ஆராய்ச்சி."

"கல்லா?"

"இல்லம்மா, மனுசங்க."

ஆயாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆயா சொன்னார்: "வேலை இன்னும் கிடைக்கலன்னு போட்டுக்க." போட்டாள். கீழே நான் கையெழுத்திட்டேன். நானே எழுதிய எந்தப் பயோடேட்டாவிலும் இவ்வளவு சுருக்கமும் சுத்தமும் கிடையாது.

அதிலிருந்து ஆயா போன் செய்கிறார். தரவு சேகரிப்பு முடிந்துவிட்டது, இனிச் சேர்க்க முடியாது என்று பலமுறை சொல்லியாயிற்று. "முந்திரிக் கொட்டை மூட்டைக்கு முந்நூறு குறைச்சுக் கேக்குறான், எழுதிக்க." "மூத்தவன் வந்திருக்கான், மறுபடி போகமாட்டேங்குறான், எழுதிக்க." "ராத்திரி நல்ல மழை, எழுதிக்க." எழுதிக்கொள்கிறேன், வேறென்ன செய்வது? வைப்பதற்கு முன் தவறாமல் ஒன்று கேட்பார்.

"வேலை கிடைச்சிடுச்சா? கிடைச்சா சொல்லு தம்பி, பாப்பா நோட்டுல அடிச்சுத் திருத்தணும்."